இறக்கினேனா, இறங்கினாரா

டவுனுக்குள் நுழையும் வீதியில் இப்போது மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே பஸ் மட்டுந்தான் நிற்கலாம். போய்ப் பார்த்தால் அதற்குள் வான் நிற்கிறது, ஆட்டோ நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மனைவியை இறக்கிவிட்டு, அவர் வங்கிக்குள் போய்த் திரும்பும்வரை அங்கேயே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாவம், பஸ் நடுவீதியில் நின்று ஆட்களை இறக்குகிறது.

போன கிழமை டிப்போவிலிருந்து இரண்டு இளம் கண்டக்டர்மார் நாவற்குடாவில் என் வீட்டுக்கு வந்து இதைத்தான் முறையிட்டார்கள். அவர்களில் ஒருவர் பேச்சோடு பேச்சாக, "உங்கட காலத்தில இந்தக் கரைச்சல் இல்லத்தானே ஐயா. பஸ் ஒழுங்கை எண்டு ஒண்டு அப்ப எங்க இருந்தது?" என்றார்.

"இருந்தது தம்பி. அதுக்குள்ள ஒராள இறக்கப் போய் எனக்குக் குற்றப்பத்திரம் வந்தது" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் கதை விடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தகப்பன் வாவியில் வலை வீசியவர். தாய் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு விசேட சித்தி கிடைத்தது. அந்தப் பெறுபேற்றுக் கடதாசியைத் தகப்பன் மடித்து வள்ளத்துக்குக்கூடக் கொண்டுபோனார். மற்ற மீன்பிடிகாரருக்குக் காட்டினாராம். அவர்களுக்கும் வாசிக்கத் தெரியாது, இவருக்கும் தெரியாது. இருந்தாலும் எல்லோரும் பார்த்தார்களாம்.

கண்டக்டர் வேலைக்கு எடுபட்டேன். பயிற்சி மூன்று கிழமை. ஒரு தரம் மணி இழுத்தால் நில், இரண்டு தரம் இழுத்தால் போ. கையால் பிடிக்காமல் நிற்கப் பழகு. எவரோடும் சண்டை பிடிக்காதே. இவ்வளவுதான் பயிற்சி. பிறகு கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு வரும் காலை பஸ்சில் போட்டார்கள். சாரதி ஏறாவூர் காதர் நானா. ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் பிழை ஒன்றும் இல்லாவிட்டால்தான் வேலை நிரந்தரம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஏறாவூரைத் தாண்டி டவுனுக்கு வரும் வழியில், வாவியை ஒட்டி வீதி ஒடுங்குகிற ஓரிடத்தில் இராணுவ முகாம் ஒன்று வந்தது. வந்த மறுநாளே வீதியில் மண் நிரப்பிய தார்ப் பீப்பாக்களை வரிசையாக அடுக்கினார்கள். கால் மைலுக்குக் கொஞ்சம் கூட வரும் அந்தத் தூரம், நீளவாக்கில் மூன்றாகப் பிரிந்தது. ஒன்று அவர்களுடைய வாகனங்களுக்கு, ஒன்று காருக்கும் லொறிக்கும், ஒன்று பஸ்சுக்கு. ஆக, இந்த மாவட்டத்தின் முதலாவது பஸ் ஒழுங்கையைப் போட்டது வீதித் திணைக்களம் இல்லை.

அதன் ஒழுங்குமுறை எனக்கு இப்போதும் மனப்பாடம். முதலாவது பீப்பாவில் பஸ் நிற்கும். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, கம்பிவேலி ஓரமாக வரிசையில் நடக்க வேண்டும். நடக்க ஏலாதவர்கள் மட்டும் உள்ளே இருக்கலாம். அவர்கள் எத்தனை பேர், ஏன் நடக்க ஏலாது என்று நான் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். பஸ் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துபோய், பாதி வழியில் காவற்கொட்டிலுக்கு முன்னால் சோதனைக்கு நிற்கும். காதர் நானா இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைப்பார். ஒரு சிப்பாய் ஏறி இருக்கைகளுக்கு அடியில் பார்ப்பான். உள்ளே இருப்பவர் அங்கே இறங்கக் கூடாது. பிறகு கடைசிப் பீப்பாவைத் தாண்டி நின்று, நடந்து வந்தவர்களை எண்ணி ஏற்ற வேண்டும். இறங்கிய தொகையும் ஏறிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒருநாள் இறங்கியவர்கள் முப்பத்தெட்டு, ஏறியவர்கள் முப்பத்தொன்பது. மூன்று தரம் எண்ணினேன். கடைசியில் பின் இருக்கையில் இருந்த ஒருவர், "தம்பி, கூடின ஆள் நான்தான் போல. சந்தைக்கு நடந்து போய்க்கிட்டிருந்தன். எல்லாரும் வரிசையா ஏறினாங்க, நானும் ஏறிட்டன்" என்றார். காதர் நானா திரும்பிப் பார்த்து, "ஆள் குறைஞ்சாத்தான் தம்பி பயப்படணும், கூடினா டிக்கட்டக் கிழி" என்றார்.

அந்த ஒழுங்கையின் தலைவாசலில் மூன்று மொழியிலும் பலகை நட்டிருந்தது. தமிழில் இப்படி: "பஸ் ஒழுங்கையில் பயணிகளை இறக்குவதற்காக வண்டியை நிறுத்துதல் கூடாது." பிழையில்லாத தமிழ். யார் எழுதினார்களோ தெரியாது.

இனிப் பேரின்பம் அண்ணனைச் சொல்ல வேண்டும். அவர் தையல்காரர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் மெலிந்துபோய், ஊன்றுகோல்களில் நடப்பவர். கைமெஷினில் தைப்பார். வீடு ஏறாவூருக்கு இப்பால் உள்ள கிராமத்தில். கடையோ அந்தப் பீப்பா வரிசைக்குள்ளேயே, காவற்கொட்டிலைத் தாண்டி நூறு நூற்றைம்பது அடியில் இருந்தது. கடைக்கு முன்னால் வீதி, பின்னால் சதுப்பு நிலத்துக் கண்ணாக்காடும் வாவியும். தோணியில் கொண்டுபோய் இறக்கலாம் என்றால் முகாம் வந்த பிறகு அந்தப் பக்கம் தோணி விடவும் தடை. முன்பெல்லாம் எங்கள் பஸ் அவர் கடை வாசலிலேயே நிற்கும். படியிலிருந்து படிக்கு மாறுவது போல இறங்குவார்.

பீப்பா வந்ததிலிருந்து அவர் என் துண்டில் எழுதப்படும் ஆளானார். பஸ்சுக்குள் இருந்தபடியே தன் கடையைக் கடந்து போவார். கடைசிப் பீப்பாவுக்கு அப்பால் இறங்கி, தையல் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு, வந்த வழியே ஊன்றுகோலில் திரும்பி நடப்பார். எங்கள் பஸ் கண்ணுக்கு மறையும்போது அவர் பத்தடி போயிருப்பார்.

"வாத்தியார், என்ட கடைக்கு இண்டைக்கும் கைகாட்டிட்டன்" என்பார் என்னிடம், கடையைத் தாண்டும்போது. நான் துண்டில் ஒற்றுப்பிழை பார்த்து எழுதுவதைக் கண்டதிலிருந்து அவருக்கு நான் வாத்தியார்தான்.

"கடைய உங்கட ஊருக்கே மாத்தினா என்ன அண்ணன்?"

"மெஷினத் தூக்கலாம் கா. இஞ்ச உள்ள சனத்தின்ட அளவெல்லாம் தூக்க ஏலுமா? அந்த முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடப் புள்ளையளுக்கு நான்தானே தைக்கிறன். ஒரு புள்ளைக்கு இடுப்பு எத்தின எண்டு தாய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

மாரி வந்ததும் அவருக்கு நடை ஏலாமற் போனது. வீதியோரம் சேறு. ஊன்றுகோல் ஒரு சாண் புதையும். இழுத்தெடுத்தால் அடுத்தது புதையும். கடைக்குப் போகவே ஒரு மணித்தியாலம். அக்குள் இரண்டும் புண்ணாகிவிட்டது. தையில் பள்ளிக்கூடம் திறக்கும். வெள்ளைச் சட்டைத் துணி கடைக்குள் குவிந்து கிடந்தது. ஒருநாள் பகிடி இல்லாமற் சொன்னார், "வாத்தியார், இந்த மாரியோட கடையப் பூட்டத்தான் வரும் போல. பூட்டினா மறுகா எனக்கு வேற தொழில் தெரியா."

மார்கழியில் ஒரு காலை. இரவெல்லாம் மழை. ஒழுங்கைக்குள் கணுக்கால் தண்ணீர். பேரின்பம் அண்ணன் மடியில் பொலித்தீனில் சுற்றிய பெரிய பொட்டலம். காவற்கொட்டிலில் சோதனை முடிந்தது. "யன்ன, போ" என்று கோப்ரல் கையசைத்தான். பஸ் ஊர்ந்தது. கடை வாசல் வந்தது. கடைப்படியும் பக்கத்து வாகை மரத்தடி மேடும் மட்டுந்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. அதற்கு அப்பால், கடைசிப் பீப்பாவரை, வீதியோரம் எது வாவி எது வீதி என்று தெரியவில்லை.

அவர் வழக்கம்போலக் கடைக்குக் கைகாட்டவில்லை. பார்க்கவுமில்லை. மடியிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு தரம் மணியை இழுத்தேன்.

காதர் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தம்பி, தெரிஞ்சி தானே இழுத்த?" என்றார். நான் கதவடிக்குப் போனேன். அவர் பிரேக்கில் காலை வைத்தார்.

பஸ் நின்றது. நான் தண்ணீருக்குள் குதித்து, பேரின்பம் அண்ணனின் அக்குளில் கை கொடுத்தால் புண் நோகும் என்று இடுப்பில் கட்டிப் பிடித்துத் தூக்கி, கடைப்படியில் வைத்தேன். பிறகு ஊன்றுகோல்கள், பிறகு பொட்டலம். இருபது எண்ணுகிற நேரந்தான். இருபத்தொன்றில் விசில் கேட்டது.

கோப்ரல் தண்ணீரை இறைத்துக்கொண்டு ஓடி வந்தான். துவக்கு எங்கள் பக்கம் பார்த்தபடி இருந்தது. நான் இரண்டு கையையும் உயர்த்தினேன். ஒரு மணித்தியாலம் பஸ்சை வைத்திருந்தார்கள். இலக்கம் எழுதினார்கள், பெயர் எழுதினார்கள். போகும்போது கோப்ரல் தனக்குத் தெரிந்த தமிழில் விளங்கப்படுத்தினான்.

"நீ ஆள் கீழ போட்டா, உன் ஆபீசுக்குக் கடுதாசி. ஆள் சும்மா தானே இறங்கினா, ஆள் இனி உள்ள வரக் கூடாது. கடை மூடு. எது சரி, ஆபீஸ் எழுதி அனுப்பு."

மூன்றாம் நாள் குற்றப்பத்திரம் வந்தது. தடைசெய்யப்பட்ட ஒழுங்கையில் பயணியை இறக்கும்பொருட்டு வண்டியை நிறுத்தியமை. விளக்கம் எழுதித் தர வேண்டும். தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் நேர்மையாக ஒரு பக்கம் எழுதினேன். நடுவில் இப்படி ஒரு வசனம்: "நடக்க இயலாத அப்பயணியை நானே தூக்கி இறக்கினேன்."

எங்கள் டிப்போப் பரிசோதகர் கதிர்காமத்தம்பி சேர். அவர் எவரையும் ஏசியதை நான் கண்டதில்லை. அதனால்தான் எல்லோரும் பயந்தார்கள். கடிதம் எதையும் இருந்து வாசிக்க மாட்டார். எழுந்து யன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய வாசிப்பார். காதில் சிவப்புப் பென்சில் இருக்கும். அதை எடுத்தால் ஒரு சொல்லின் கீழ் மட்டும் கோடு போடுவார். எந்தச் சொல்லின் கீழ் கோடு விழுந்ததோ அதைப் பற்றித்தான் பேச்சு. மற்றதெல்லாம் அவருக்குக் காற்று.

என் கடிதத்தில் "இறக்கினேன்" என்ற சொல்லின் கீழ் கோடு விழுந்தது.

"மணி இழுத்தது ஆர்?"

"நான்தான் சேர்."

"ஏன்?"

"தண்ணி நிண்டது சேர்."

"தண்ணி நிண்டா பஸ்சும் நிக்கணும் எண்டு எந்தச் சுற்றறிக்கையில கிடக்கு?"

அவர் வெறுந்தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து, உள்ளங்கையிலிருந்த சீனியை நக்கினார்.

"இஞ்ச பார் மனெ. பஸ் தண்ணிக்குள்ள மெதுவாப் போச்சி. அவர் தானா இறங்கினார். 'இறங்கினார்' எண்டு ஒரு சொல்ல மாத்திக் கொண்டா. உன்ட வேலை மிஞ்சும்."

"அவர் இறங்கயில்ல சேர். நான் இறக்கினன்."

"ரெண்டும் ஒரே ஆள், ஒரே கடை, ஒரே படி."

"இல்ல சேர். இறங்கினார் எண்டா தன்வினை. குத்தம் அவருக்குப் போகும், கடையப் பூட்டிப் போடுவாங்க. இறக்கினேன் எண்டா பிறவினை. அது எனக்கு."

மேசையில் இருந்த எழுதுவினைஞர் ஒருவர் இருமலை அடக்கினார். சேர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எனக்கு இலக்கணம் படிப்பிக்கிறியா?"

"இல்ல சேர். நடந்த மாதிரி எழுதினன்."

"உன்ட தகப்பன் என்ன தொழில்?"

"வலை வீசுறவர் சேர்."

"அவருக்கு இந்தத் தன்வினை பிறவினை தெரியுமா?"

"தெரியா சேர்."

"அவர் நிம்மதியான மனிசன்" என்றார். பிறகு யன்னலுக்குப் போய் என் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கடைசியில் திரும்பாமலே கேட்டார்.

"மூண்டாவதா ஒண்டு இரிக்கே, அது உனக்குப் படிப்பிக்கயில்லையா?"

எனக்கு விளங்கவில்லை.

"எழுது" என்றார். சொல்லச் சொல்ல எழுதினேன். "குறித்த இடத்தில் நீர் தேங்கியிருந்தமையால், நடக்க இயலாத பயணி ஒருவர் பாதுகாப்பான முறையில் இறக்கப்பட்டார்."

"செயப்பாட்டுவினை" என்றேன் என்னையறியாமல்.

"நான் முப்பது வருசமா அதிலதான் சீவிக்கிறன்" என்றார் சேர்.

"ஆரால எண்டு எழுதயில்லையே சேர்?"

"எழுதினா அந்தாளப் பிடிப்பாங்க. எழுதாட்டி, வந்து கேக்கணும். கேக்க வந்தாக் கதைக்கலாம்." பென்சிலை மீண்டும் காதில் செருகினார். "அவங்க வரும்வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? சைக்கிள எடு."

அவர் முன்னால், நான் பின்னால். முகாம் வாசலில் அரை மணித்தியாலம் நின்றோம். சேர் கடிதத்தைத் தானே சிங்களத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த மொழியிலும் ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்லுகிற முடிவு ஒன்று உண்டாம். உள்ளே இருந்த அதிகாரி இளம் ஆள், கண்ணாடி போட்டவர். வாசித்துவிட்டு, எதிர்பார்த்தபடியே கேட்டார். யாரால் இறக்கப்பட்டார்?

என் வாய் திறந்தது. சேர் என் காலை மிதித்தார். "டிப்போவால்" என்றார், சிங்களத்தில்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். சேர் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, வேறொன்றைத் தொடங்கினார். அதைச் சொல்லும்போது அவர் அதிகாரியின் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற சிப்பாயின் சப்பாத்தைப் பார்த்தார். அது தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. காவற்கொட்டில் இருப்பது பள்ளம், ஒவ்வொரு மாரியிலும் அங்கே தண்ணீர் ஏறும் என்றார். நூற்றைம்பது அடி தள்ளி, அந்தத் தையற்கடைக்குப் பக்கத்தில், வாகை மரத்தடி மேடு. பஸ் சோதிக்கிற இடத்தை அங்கே மாற்றினால் உங்கள் ஆட்களும் காய்ந்த நிலத்தில் நிற்கலாம், வெயில் காலத்துக்கு நிழலும் இருக்கும். இருபது வருடம் இந்த வீதியில் பஸ் விட்ட டிப்போ சொல்லுகிறது.

பேரின்பம் அண்ணனின் பெயரை அவர் சொல்லவே இல்லை. அதிகாரி யோசித்தார். கோப்ரலைக் கூப்பிட்டுக் கேட்டார். கோப்ரல் தன் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, மேடு நல்லது என்றான்.

எழும்பும்போதுதான் சேர், மறந்துபோனதை நினைத்தவர் மாதிரி, "பஸ் எப்படியும் அங்கே நிற்கும்தானே. நடக்க ஏலாத ஆள் யாரும் அங்கே இறங்கினால்?" என்று கேட்டார்.

அதிகாரி சிரித்தார். அவர் விளங்காத ஆள் இல்லை. "எழுத்தில் தாருங்கள்" என்றார்.

எழுத்தில் கொடுத்தோம், அனுமதி கிடைத்தது. எழுதியவன் நான். சேர் ஒரு சொல்லின் கீழும் கோடு போடவில்லை. என் பணிக்கோவையில் மட்டும் ஒரு வரி ஏறியது: "மேற்படி நடத்துனர் கடுமையாக எச்சரிக்கப்பட்டார்." யார் எச்சரித்தது என்று அதிலும் இல்லை. உண்மையில் ஒருவரும் எச்சரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமானது.

அடுத்த கிழமை கொட்டிலைப் பெயர்த்து வாகை மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். செவ்வாய்க்கிழமை முதல் புது ஒழுங்கு. அன்று காலை பேரின்பம் அண்ணன் ஏறும்போதே, இனிக் கடை வாசலில் இறங்கலாம் என்ற விசளத்தைச் சொன்னேன். "தெரியும் தெரியும்" என்று யன்னலோரம் போய் இருந்துகொண்டார். நான் துண்டை எழுதினேன்: நடக்க இயலாதவர் ஒருவர், தையற்கடை முன் இறங்குபவர். இரண்டு தரம் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன்.

பஸ் ஊர்ந்து வந்து கடை வாசலில் நின்றது. காதர் நானா இயந்திரத்தை நிறுத்தினார். சிப்பாய் ஏறி, இருக்கைகளுக்கு அடியில் பார்த்து, இறங்கினான். கோப்ரல் என் துண்டை என்னிடமே வாசிக்கக் கொடுத்து, கேட்டுத் தலையாட்டி, கதவடியில் இருந்து விலகி வழிவிட்டான். நான் கீழே குதித்து இரண்டு கையையும் நீட்டினேன்.

பேரின்பம் அண்ணன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அண்ணன், கடை" என்றேன்.

"ஓம், காணுறன்."

"இறங்கயில்லையா?"

"இண்டைக்கு டவுனுக்குப் போறன் கா. பொத்தான் முடிஞ்சி போச்சி."

கோப்ரல் என்னைப் பார்த்தான். நான் துண்டைப் பார்த்தேன். காதர் நானா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரிப்பில் குலுங்கத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வேலையைப் பணயம் வைத்து, ஒரு முகாமின் கொட்டிலையே பெயர்த்து வைத்த நிறுத்தம் அது. பொத்தானை நாளைக்கு வாங்கினால் ஆகாதா?

"ஏன் அண்ணன், ஏறும்போதே சொல்லியிருக்கலாமே. நான் இறங்குபவர் எண்டெல்லோ எழுதிக் குடுத்திட்டன்."

அவர் யன்னலால் தன் கடையை ஆறுதலாகப் பார்த்தார். இத்தனை மாதமும் இறங்க விடாததால் அதைக் கடந்து போனவர். அன்றைக்குத்தான் விரும்பிக் கடந்து போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இறங்கலாம் எண்டு எழுதினீங்களா வாத்தியார், இறங்கத்தான் வேணுமெண்டு எழுதினீங்களா?" என்றார்.

நான் ஏறி, டவுன் வரைக்கும் அவருக்கு ஒரு டிக்கட் கிழித்தேன்.